நிரல்மொழியைச் செம்மையாகக் கற்க நல்ல நூலையும் பாடத்தையும் கண்டறிவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடும் சந்தையில், துணிகளும் செருப்புகளும் விரித்த வரிசைகளுக்கு நடுவே பழைய பாடநூல்களைக் குவித்து விற்பவர்களும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அங்கேதான் என் முதல் சி மொழி நூலை வாங்கினேன். எளிய நடை, நிறைய எடுத்துக்காட்டுகள். மூன்று மாதம் வரி விடாமல் படித்து, அதிலிருந்த நிரல்களை ஆய்வகத்தின் டர்போ சி திரையில் தட்டிப் பழகினேன். பிறகு நண்பர் ஒருவருடைய லினக்ஸ் கணினியில் அதே நிரலை ஜிசிசி கம்பைலரிடம் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) கொடுத்தபோது அது முதல் வரியிலேயே நின்றுவிட்டது. நூல் சொல்லிக்கொடுத்த ‘கோனியோ’ என்னும் தலைப்புக் கோப்பு அங்கே இல்லை. திரையைத் துடைக்கும் ஆணையும் இல்லை. முழு எண்ணை வைக்கும் ‘இன்ட்’ என்றால் 2 பைட் என்று மனப்பாடம் செய்திருந்தேன். அந்தக் கணினி 4 பைட் என்று காட்டியது. நான் அதுவரை கற்றிருந்தது பெரும்பாலும் டர்போ சி என்னும் டாஸ் காலத்து (விண்டோஸுக்கு முந்தைய) கம்பைலரின் பழக்கங்களையே என்பதும், சி மொழி அதற்கு அப்பால் இருக்கிறது என்பதும் அன்றுதான் விளங்கின.

அந்த நூலில் பொய் எதுவும் இல்லை. எழுதப்பட்ட காலத்துக்கு அது சரியாகவே இருந்தது. கையில் எடுத்த நூலைச் சோதித்துப் பார்க்கும் முறை எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்று கடலூரிலும் புதுச்சேரியிலும் வார இறுதிகளில் மாணவர்களோடு உட்கார்ந்து நிரல் எழுதுகையில், “அண்ணா, எந்த வீடியோ பார்க்கலாம்?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவது எளிது. ஆனால் அடுத்த ஆண்டு அவர் வேறொரு மொழிக்குப் போகும்போது அதே கேள்வியோடு மீண்டும் நிற்பார். ஆகவே பெயர்களைவிடச் சோதிக்கும் முறைக்கே இந்த வழிகாட்டியில் அதிக இடம் தந்திருக்கிறேன்.

முதற்படி: மொழியை முடிவு செய்து, அதிலேயே நிற்றல்

இதில் நெடுநாள் செலவிட வேண்டாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் படித்தவர்கள் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியையும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானையும் தொட்டிருப்பார்கள். வேறு வலுவான காரணம் இல்லையென்றால், பாதி தெரிந்த அந்த மொழியையே முழுதாகக் கற்பது நல்லது. கருவிகளுக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் சில்லோடு வேலை செய்ய விரும்புபவர் சி மொழியையும், இணையப்பக்கத்தின் முகப்பை உருவாக்க விரும்புபவர் ஜாவாஸ்கிரிப்டையும் எடுத்தாக வேண்டும். முடிவு செய்தபின் ஆறு மாதத்துக்கு அதை மாற்றாதீர்கள்.

இரண்டாம் படி: மொழியின் சொந்த வீட்டைத் தேடிச் செல்லுதல்

உயிரோடிருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் அதை உருவாக்கிப் பராமரிப்பவர்கள் எழுதிய ஆவணமோ, விதிகளை வகுக்கும் தரநிலையோ இருக்கும். வேறு யார் சொன்னாலும், முரண்பாடு வந்தால் தீர்ப்புக்காகப் போய் நிற்க வேண்டிய இடம் அதுவே. எனவே படிக்கத் தொடங்கும் முன்பே அது எங்கே இருக்கிறது, எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பைத்தானை எடுத்துக்கொள்வோம். அதன் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் பயிற்சிப் பாடம், நூலகக் குறிப்பு (மொழியோடு வரும் ஆயத்த நிரல்களைப் பற்றியது), மொழிக் குறிப்பு (இலக்கண விதிகள்) ஆகியவை தனித்தனியே உள்ளன. பயிற்சிப் பாடம் முதலிலிருந்து வரிசையாகப் படிப்பதற்கு உரியது. மற்ற இரண்டும் அகராதி போன்றவை. தேவைப்படும்போது பிரித்து, வேண்டிய பகுதியை மட்டும் பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நூலகக் குறிப்பை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கி, மூன்றாம் நாளே “அதிகாரப்பூர்வ ஆவணம் நமக்கு ஆகாது” என்று ஒதுங்கியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பயிற்சிப் பாடமும்கூட வேறொரு மொழியில் ஓரளவு எழுதிப் பழகியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முதன்முதலாக நிரல் எழுதுபவருக்கு அதன் வேகம் கூடுதலாகத் தெரிந்தால், அவர் வேறொரு தொடக்கநிலை நூலோடு அதைச் சேர்த்துப் படிக்கலாம்.

எல்லா மொழிகளும் இவ்வளவு வசதியாக அமைந்தவை அல்ல. ரஸ்ட் மொழிக்கு முழுமையான நூலே அதன் அதிகாரப்பூர்வத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்குத் தரநிலை உண்டென்றாலும் அது கற்பவருக்காக எழுதப்பட்டதன்று. அங்கே ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா தொடங்கிய எம்டிஎன் ஆவணமே நடைமுறையில் அந்த இடத்தை வகிக்கிறது. சி மொழிக்குத் தரநிலை மட்டுமே உண்டு. அதிகாரப்பூர்வப் பயிற்சிப் பாடம் என்று எதுவும் இல்லை.

ஆவணத்தின் முழுப் பிரதியையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பைத்தான் தளம் அதற்கென்றே தனிப் பக்கம் தருகிறது. நம் கரையில் இது வெறும் வசதிக்காகச் சொல்வதன்று. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியதையும் பார்த்தவர்களுக்கு, மின்சாரம் ஒருவழியாக வந்த பிறகும் இணையம் திரும்பாத நாட்கள் எப்படியிருக்கும் என்பது தெரியும்.

மூன்றாம் படி: வயதைக் கணக்கிடுதல்

நூல் வெளிவந்த ஆண்டைப் பார்ப்பது மட்டும் போதாது. அது மொழியின் எந்தப் பதிப்பைக் கற்பிக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பைத்தான் 3 வெளியானது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1 அன்று. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் இரண்டும் அருகருகே புழங்கியதால், 2015-இல் வெளியான நூல்கூடப் பழைய பதிப்பைக் கற்பிப்பதாக இருக்கலாம். பிரிண்ட் ஆணைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருந்தாலோ, 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 வரும் என்று சொல்லியிருந்தாலோ அதைக் கீழே வைத்துவிடுங்கள். பைத்தான் 3-இல் அதே வகுத்தலுக்கு விடை 2.5.

சி++ நூலின் முதல் நிரலில் ‘ஐஓஸ்ட்ரீம்’ என்பதற்குப் பின் ‘.ஹெச்’ ஒட்டியிருந்தால், அது 1998-இல் வந்த தரநிலைக்கு முந்தைய வழக்கம். ஜாவாஸ்கிரிப்டில் 2015-இல் வந்த ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ இரண்டும் எங்கும் தென்படாத பாடமும் அப்படிப்பட்டதே. சி நூலில் ‘கெட்ஸ்’ என்ற உள்ளீட்டுச் சார்பை (செயற்கூறு, அதாவது ஃபங்ஷன்) எச்சரிக்கையின்றிப் பயன்படுத்தியிருந்தால் ஐயப்படுங்கள். கொடுத்த இடத்தைத் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடக்கூடியது என்பதால், 2011-ஆம் ஆண்டின் தரநிலையிலிருந்தே அது நீக்கப்பட்டுவிட்டது.

ஆயினும் பழையது என்பதற்காகவே ஒரு நூலை ஒதுக்கக்கூடாது. சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி, பிரையன் கெர்னிகனோடு சேர்ந்து எழுதிய நூல் 1978-இல் வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 1988-இல் வெளியானது. அதன் முதல் நிரலில் மெயின் சார்புக்கு முன்னால் ‘இன்ட்’ என்று எழுதப்பட்டிருக்காது. 1999-ஆம் ஆண்டின் தரநிலை அப்படி விடுவதை அனுமதிக்கவில்லை. இத்தகைய சில திருத்தங்களை ஓரத்தில் குறித்துக்கொண்டு படிப்பவருக்கு, பாயின்டர்களையும் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறிகள்) அணிகளையும் பற்றிய அதன் இயல் இன்றும் மிகுந்த பயன் தருகிறது. கம்பைலரின் பழக்கத்தைச் சொல்லும் நூல் அந்தக் கம்பைலரோடு பழசாகிறது. மொழியின் கருத்தைச் சொல்லும் நூலில் சில இடங்களைத் திருத்திக்கொண்டால் போதும்.

நான்காம் படி: விடை தெரிந்த கேள்வியைக் கொண்டு சோதித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். ஒரு நூலை முதல் பக்கத்திலிருந்து படித்து அது நல்லதா என்று முடிவு செய்ய இரண்டு மாதம் பிடிக்கும். அந்த மொழியில் பலரும் இடறுகிற ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, நூல் அந்த இடத்தை எப்படிக் கடக்கிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

சி மொழிக்கு நான் பயன்படுத்தும் கேள்வி, வளாக நேர்காணலுக்குத் தயாராகும் எவருக்கும் பழக்கமானது. ஐ என்ற மாறியின் மதிப்பு 5. ஐ பிளஸ் பிளஸ் (மதிப்பை எடுத்த பின் ஒன்று கூட்டுவது) என்பதையும் பிளஸ் பிளஸ் ஐ (ஒன்று கூட்டிய பின் மதிப்பை எடுப்பது) என்பதையும் கூட்டினால் என்ன வரும்? கேள்வி-விடைத் தொகுப்புகள் பலவற்றில் 12 என்று உறுதியாக அச்சிட்டிருப்பார்கள். வேறு சிலவற்றில் வேறோர் எண் இருக்கும். சி மொழியின் விதிப்படி இதற்கு விடையே கிடையாது. ஒரே கோவைக்குள் (எக்ஸ்பிரஷன்), இடையில் எந்த வரிசை ஒழுங்கும் இல்லாமல், ஒரே மாறியை இருமுறை மாற்றினால் என்ன நடக்கும் என்பதைத் தரநிலை வரையறுக்கவில்லை. கம்பைலர் எதை வேண்டுமானாலும் தரலாம். ஜிசிசி-யில் எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லி இந்த வரியைக் கொடுத்தால், ஐ மீதான செயல் வரையறுக்கப்படாததாக இருக்கலாம் என்று அதுவே எச்சரிக்கும். ஜாவாவிலோ இதே கோவைக்கு 12 என்பது உறுதியான விடை, ஏனெனில் அங்கே இடமிருந்து வலமாகக் கணிக்க வேண்டும் என்பது விதி. பைத்தானில் ஐ பிளஸ் பிளஸ் என்று எழுதி நிறுத்தினால் தொடரியல் பிழை வரும். பிளஸ் பிளஸ் ஐ என்றால் பிழையும் வராது, மதிப்பும் கூடாது; இரண்டு கூட்டற் குறிகளும் எண்ணுக்கு முன்னிடும் வெறும் நேர்க்குறிகளாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஆக, சி மொழிக்கு 12 என்று சொல்லித்தரும் நூலை எழுதியவர் தம் கணினியில் ஓட்டிப் பார்த்ததை விதி என்று எண்ணியிருக்கிறார், அல்லது ஜாவாவின் விதியைச் சி மொழிக்கு ஏற்றிவிட்டார். வரையறுக்கப்படாத நடத்தை என்று ஒரு வரியாவது சொல்லும் நூலை நம்பி மேலே படிக்கலாம்.

பைத்தானுக்கு வேறொரு கேள்வி. ‘அ’ என்ற பெயரில் 1, 2 ஆகிய எண்கள் கொண்ட ஒரு பட்டியலை வைக்கிறோம். அடுத்த வரியில் ‘ஆ’ சமம் ‘அ’ என்கிறோம். பிறகு ‘ஆ’-வோடு 3-ஐச் சேர்க்கிறோம். இப்போது ‘அ’-வை அச்சிட்டால் என்ன வரும்? 1, 2, 3 என்று மூன்று எண்களும் வரும். மாறி என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி என்று மட்டும் கற்பித்த நூலால் இதை விளக்க முடியாது, ஏனெனில் இரண்டு பெட்டிகள் இருந்தால் ஒன்றில் போட்டது மற்றொன்றில் தெரியக்கூடாது. பைத்தானில் மாறி என்பது பொருளுக்கு ஒட்டிய பெயர். கடலூர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் வேறெங்கும் போவதில்லை. ரயில் நிலையப் பலகையில் திருப்பாதிரிப்புலியூர், பேச்சில் திருப்பாப்புலியூர். பெயர் இரண்டு, ஊர் ஒன்று. ஒரு பெயரைச் சொல்லி அங்கே வீடு கட்டினால் மற்றப் பெயரிலும் அந்த வீடு இருக்கும். உங்கள் நூலில் பட்டியல் பற்றிய இயலைத் திறந்து, இந்த இடத்தை அது சொல்கிறதா, பிரதி எடுக்கத் தனியாக ‘காப்பி’ என்று கேட்க வேண்டும் என்பதைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, எந்த மொழிக்கும் பொருந்தும் ஒன்று: 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுவது. பைத்தானில் 0.30000000000000004 என்று வரும். இது மொழியின் பிழையன்று; பத்தடிமானத்தில் எளிதாக முடியும் பின்னங்கள் பல ஈரடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறை) முடிவதில்லை என்பதே காரணம். பைத்தானின் பயிற்சிப் பாடம் இதற்கென்று ஓர் இயலையே ஒதுக்கியிருக்கிறது. பணக் கணக்கு எழுதக் கற்பிக்கும் பாடம் இதைத் தொடாமலே போனால், அதை எழுதியவர் கடைக் கணக்கு ஒன்றுக்கு நிரல் எழுதிப் பார்த்ததில்லை என்றே கொள்கிறேன்.

ஐந்தாம் படி: ஒன்றை நடுத்தண்டாகக் கொள்ளுதல்

சோதனையில் தேறியவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதை முதலிலிருந்து கடைசிவரை படியுங்கள். புரியாத இடத்தில் மட்டும் இன்னொன்றைப் பாருங்கள். பார்த்துவிட்டு முதல் நூலுக்கே திரும்புங்கள். ஐந்து காணொளித் தொடர்களின் முதல் மூன்று பாடங்களைப் பார்த்தவருக்கு மாறிகளும் நிபந்தனைகளும் ஐந்து முறை தெரியும். செயற்கூறுகள் ஒருமுறையும் தெரியாது.

நடுத்தண்டாகக் கொள்ளும் நூலில் பயிற்சிக் கேள்விகள் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் தனியே தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸர்சிசம் என்னும் இலவசத் தளத்தில் பல மொழிகளுக்கும் படிப்படியான பயிற்சிகளும், எழுதியதைச் சோதித்துச் சொல்லும் வசதியும் உண்டு. எடுத்துக்காட்டு நிரல்களை நகலெடுத்து ஒட்டாமல் கையால் தட்டுங்கள். ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். நீங்கள் எழுதியதும் திரையில் வந்ததும் வேறுபடும் இடத்தில்தான் அன்றைய பாடம் இருக்கிறது.

ஆறாம் படி: தமிழில் கிடைப்பவற்றை அறிதல்

ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சி, சி++, பைத்தான், லினக்ஸ் ஆகியவற்றுக்கான சிறு பாடங்கள் தமிழ்க் குரலில் உள்ளன. பக்கத்தில் கணினியை வைத்து, நிறுத்தி நிறுத்திச் செய்து பார்ப்பதற்கென்றே அவை அமைக்கப்பட்டவை. ஐஐடி-களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் திட்டத்தில், சென்னைக் கணிதக் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வாரப் பைத்தான் பாடம் தரவு அமைப்புகளையும் சேர்த்துக் கற்பிக்கிறது. பாடத்தைப் பார்ப்பது இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதன் வாரப் பயிற்சிகளைச் செய்யாமல் காணொளியை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் தமிழில் எழுதிவரும் கணியம், ‘எளிய தமிழில்’ என்னும் வரிசையில் மின்னூல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலும் கைவசம் இருக்கட்டும். செயற்கூறு, வரையெல்லை (ஒரு பெயர் நிரலில் எங்கெங்கே செல்லும் என்பது) ஆகியவற்றுக்குத் தனி இயல்களே அதில் உண்டு.

தமிழ்வழியில் படித்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. மடக்கு என்றும் செயற்கூறு என்றும் நன்கறிந்த மாணவர், ஆவணத்தில் லூப், ஃபங்ஷன் என்று பார்த்ததும் தமக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிவிடுகிறார். தெரிந்த பொருளுக்கு அது இன்னொரு பெயர், அவ்வளவே. ஒரு நோட்டில் இரண்டு பத்தி கட்டி, இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆவணத்தில் வரும் சொல்லுமாக எழுதிக்கொண்டு வாருங்கள். நாற்பது ஐம்பது சொற்களுக்கு மேல் அந்த நோட்டு நீள்வதை நான் பார்த்ததில்லை.

ஏழாம் படி: பயிற்சி மையத்தையும் செயற்கை நுண்ணறிவையும் அளந்து பார்த்தல்

பணம் கட்டிச் சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். பாடத்திட்டத்தில் பதிப்பு எண் இருக்கிறதா, வகுப்பு நேரத்தில் மாணவர் நிரல் எழுதும் நேரம் எவ்வளவு, எழுதியதை யார் படித்துத் திருத்துவார் என்று விசாரியுங்கள். நான்காம் படியில் சொன்ன கேள்வியை ஆசிரியரிடம் மரியாதையோடு கேட்கலாம். “ஓட்டிப் பார்ப்போம், ஆவணம் என்ன சொல்கிறது என்றும் பார்ப்போம், தம்பி” என்று சொல்பவர் கிடைத்தால், விளம்பரப் பலகையே இல்லாத மாடியறை வகுப்பானாலும் சேர்ந்துவிடுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவை விளக்கம் கேட்க உதவும். பிழைச் செய்தியின் பொருளைத் தமிழில் கேட்டால் பெரும்பாலும் நன்றாகவே சொல்லும். ஆனால் இல்லாத சார்பின் பெயரையும் அதே உறுதியோடு சொல்லக்கூடும். அது தந்த ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பார்த்து, சந்தேகமான பெயரை ஆவணத்தில் தேடிய பிறகே நோட்டில் ஏற்றுங்கள். பயிற்சிக் கேள்விக்கான விடையை அதனிடம் கேட்காதீர்கள்.

எட்டாம் படி: உடன் கற்பவர்களைத் தேடுதல்

புதுச்சேரியில் ஃப்ரீ சாப்ட்வேர் ஹார்டுவேர் மூவ்மென்டும், பக்கத்து விழுப்புரத்தில் ஜிஎன்யூ லினக்ஸ் பயனர் குழுவும் மாணவர்களுக்காகச் சந்திப்புகளும் பயிற்சிகளும் நடத்துகின்றன. அமைதியாக உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால், 1827-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது.

இத்தகைய இடங்களுக்குப் போகும்போது “எனக்குப் பைத்தான் வரவில்லை” என்று பொதுவாகச் சொல்லாமல், ஓடாத நிரல் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதுங்கள்: மொழியின் பதிப்பு, பிழை தெரியும் அளவுக்குச் சுருக்கிய நிரல், நீங்கள் எதிர்பார்த்த விடை, உண்மையில் வந்த விடை. நிரலைப் பத்து வரிக்குள் சுருக்குவதுதான் இதில் கடினம். எந்த வரியை எடுத்தாலும் பிழை மாறாமல் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

சென்ற மாதம் பண்ருட்டியைச் சேர்ந்த ஒரு மாணவி, மதிப்பெண் பட்டியலை வரிசைப்படுத்தியதும் மூலப் பட்டியலும் மாறிவிடுகிறது என்று அப்படியொரு தாளோடு வந்தார். கடலூரில் பஸ் ஏறியபோது முப்பது வரியாக இருந்த நிரலை, கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் ஆறு வரியாகக் குறைத்திருந்தார். தாளை என்னிடம் நீட்டியபோது நான்காம் வரி ஏற்கெனவே அடிக்கப்பட்டு, அதன் பக்கத்தில் பென்சிலால் ‘காப்பி’ என்று எழுதப்பட்டிருந்தது.